‘டிக் டிக்’ சத்தம் வருகிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை: சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன, பானெட்டுக்கு அடியிலிருந்து ‘டிக்’ என்று கேட்கிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. இந்த நேரத்தில் பலரும் செய்வது இரண்டு. ஒன்று, சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்ப்பது. அது பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்ச சார்ஜையும் தீர்த்துவிடும். இன்னொன்று, உடனே பேட்டரிக் கடைக்கு ஃபோன் போடுவது. கோளாறு பேட்டரியின் டெர்மினலில் (ஒயர் பூட்டும் முனை) பூத்த உப்பிலோ எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரிலோ இருந்தால், நாலைந்தாயிரம் கொடுத்துப் புது பேட்டரி வைத்தாலும் சில நாளில் அதே சத்தம் திரும்பக் கேட்கும். அதனால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள், அடுத்து அளந்து பாருங்கள், பொருள் வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாவியிலிருந்து கிளம்பும் சிறிய கரண்ட் ரிலே என்ற சிறிய மின் சுவிட்ச் வழியாகப் போய், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் மேல் பூட்டியிருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சை இயக்குகிறது. சொலினாய்டு உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு நகரும்போது ஒரு பக்கம் பெண்டிக்ஸ் பல்சக்கரம் எஞ்சினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலோடு போய்ச் சேரும். மறுபக்கம் ஒரு செம்புத் தகடு இரண்டு தடித்த போல்ட்டுகளைத் தொட்டு, பேட்டரியின் முழுக் கரண்ட்டையும் மோட்டாருக்குத் திறந்துவிடும். சிறிய பெட்ரோல் காரில் இந்தக் கரண்ட் 100 முதல் 200 ஆம்பியர் வரை போகும், டீசல் என்றால் இன்னும் அதிகம். உரக்க ‘டிக்’ கேட்டால் தண்டு நகர்ந்துவிட்டது என்று பொருள். சாவி, ஃபியூஸ், ரிலே எல்லாம் வேலை செய்கின்றன, பெரும்பாலும் பெரிய கரண்ட்தான் போய்ச் சேரவில்லை.

“ஹெட்லைட் நல்லா எரியுது, ஹாரன் அடிக்குது, அப்போ பேட்டரி சரியாத்தான் இருக்கு” என்ற முடிவு இங்கேதான் தவறிப்போகிறது. டெர்மினலில் 0.02 ஓம் அளவுக்கு மட்டும் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் நாலரை ஆம்பியர் எடுக்கும். அந்தத் தடையில் அது இழப்பது 0.09 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே இடத்தில் 3 வோல்ட் காணாமல் போகும். எஞ்சின் சுற்றாது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒயரைச் சோதிப்பதும் இதனால்தான் பயன்படாது, இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டர் சரியாகக் காட்டாது. ஆள் ஒருவர் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது எங்கே வோல்ட் இறங்குகிறது என்று அளப்பதே சரியான வழி.

தேவையானவை அதிகமில்லை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், ஜம்ப்பர் கேபிள், சாவி திருப்ப ஒரு ஆள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலை. மோதிரம், வளையல், உலோக வாட்ச் பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரோ மோதிரமோ பாசிட்டிவ் முனையையும் பாடியையும் ஒரே நேரத்தில் தொட்டால் அடுத்த நொடியே பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

முதல் சோதனை: சத்தமும் ஹெட்லைட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒரே ஒரு முறை சாவியைத் திருப்புங்கள். இரண்டு மூன்று நொடி போதும். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். இருட்டில் செய்வது நல்லது, அல்லது எதிரே சுவர் இருக்கும் இடத்தில்.

‘டக டக டக’ என்று வேகமாகத் தொடர்ந்து அடித்து, வெளிச்சமும் மினுங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி இணைப்பு சரியில்லை. ஒரே ஒரு கனமான ‘டொக்’ கேட்டு வெளிச்சம் அப்படியே நின்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகவே இல்லை, சொலினாய்டின் செம்புத் தகடோ, மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷோ காரணம். ஒரே ‘டொக்’ கேட்டு வெளிச்சம் வெகுவாக மங்கினால் கரண்ட் போகிறது, ஆனால் மோட்டாரோ எஞ்சினோ இறுகி நிற்கிறது. சாவி பக்கத்திலிருந்து, டாஷ்போர்டு அல்லது ஃபியூஸ் பெட்டிக்குள் மெல்லிய ‘டிக்’ மட்டும் கேட்டால் அது ரிலேயின் சத்தம், சொலினாய்டு இன்னும் அசையவே இல்லை. ‘கிர்ர்’ என்று மோட்டார் வெறுமனே சுற்றும் சத்தம் இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ளது. அது பெண்டிக்ஸ் போன வண்டி, செல்ஃபைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

வேகமாக ‘டக டக டக’

காரணங்களில் இதுதான் மிக அதிகம். சொலினாய்டு தண்டை இழுக்கிறது, தகடு தொடுகிறது, மோட்டார் கரண்ட்டை இழுக்கத் தொடங்குகிறது. பலவீனமான பேட்டரியால் அதைத் தாங்க முடியாமல் வோல்ட் சரிகிறது. சொலினாய்டால் தண்டைப் பிடித்துவைக்க முடியவில்லை, விட்டுவிடுகிறது. பாரம் விலகியதும் வோல்ட் மேலே வருகிறது, மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல தடவை இது நடப்பதுதான் அந்தச் சத்தம். இப்படி அடிக்க விடவே கூடாது. ஒவ்வொரு தடவையும் செம்புத் தகடு தீப்பொறியில் கருகுகிறது. பேட்டரியில் தொடங்கிய கோளாறு செல்ஃப் மோட்டாரையும் பிடித்துக்கொள்ளும்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, முனைகளைப் பேட்டரியின் மேல் நீட்டியிருக்கும் ஈயக் கொம்பிலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் ஒயர் கிளாம்ப்பில் வைக்க வேண்டாம். வண்டி சில மணி நேரம் சும்மா நின்றிருந்தால் நேரடியாக அளக்கலாம். சற்று முன் ஓடியிருந்தாலோ சார்ஜ் ஏற்றியிருந்தாலோ மேலோட்டமான சார்ஜ் 12.9 வரை காட்டி ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, ஒரு நிமிடம் கழித்து அளங்கள். 12.6 அல்லது மேலே என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. 11.8க்குக் கீழே காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எத்தனை தடவை சார்ஜ் ஏற்றியும் பத்தரை வோல்ட்டைச் சுற்றியே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, அந்த பேட்டரிக்கு இனிச் செலவு செய்ய வேண்டாம்.

இப்போது முக்கியமான அளவு. மீட்டர் அதே இடத்தில் இருக்க, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி பாரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாது, பெரும்பாலும் 10க்கு மேலேயே நிற்கும். ஓய்வில் 12.5 காட்டிய பேட்டரி சாவியைத் திருப்பியதும் 7, 8 என்று விழுந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து உள் தடை ஏறிவிட்டது. வெறும் வோல்ட்டை மட்டும் பார்த்து “பேட்டரி ஓகே” என்று சொல்லப்பட்ட வண்டிகள் பல இந்த வகைதான். ஓய்விலும் 12.5, சாவியைத் திருப்பும்போதும் 12 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஆனாலும் டக டக என்று அடிக்கிறதா? அப்படியானால் பேட்டரி மீது பழி போடாதீர்கள். கரண்ட் வெளியே போகும் வழியில்தான் அடைப்பு.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக்கூடாது, அவற்றுக்கு மேல் 10 முதல் 15 மிமீ திரவம் நிற்க வேண்டும். குறைந்தால் பேட்டரிக்கென்று விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், வீட்டு ஆர்ஓ தண்ணீரும் வேண்டாம், கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது.

டெர்மினல்: பத்து நிமிடத்தில் தீரும் கோளாறு

முதலில் கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள். சிறிதும் அசையக்கூடாது. அசைந்தால் 10 நம்பர் ஸ்பேனரால் இறுக்கி ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள், பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும். வெள்ளை, பச்சை, நீலப் பொடி பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். வெளியே பளபளவென்று இருந்தாலும் நம்ப வேண்டாம், கொம்புக்கும் கிளாம்ப்புக்கும் இடையே கறுத்த படலம் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய அளவு ஒன்று உண்டு. மீட்டரின் ஒரு முனை ஈயக் கொம்பில், மறுமுனை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில். சாவியைத் திருப்பும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கெட்டது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் பாருங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. பூட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து உப்பின் மேல் ஊற்றினால் நுரைத்துக் கரையும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் வீணாகும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, கொம்பையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும் வரை தேய்க்க வேண்டும். இறுக்கிய பிறகு வெளிப்புறம் வாஸ்லின் தடவுங்கள். கிளாம்ப்புக்கு உள்ளே கிரீஸ் அடைத்துப் பூட்டும் வழக்கம் தேவையற்றது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடம் அது.

கிளாம்ப் சுத்தமாக இருந்தும் ஒயர் அதற்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உப்பியிருக்கிறதா பாருங்கள். உள்ளே செம்பு பச்சையாக அரித்திருக்கும். கிளாம்ப் தேய்ந்து இறுகாதபோது இடையில் தகரத் துண்டோ ஆணியோ செருகி ஓட்டுவதை நிறைய வண்டிகளில் பார்க்கலாம். கொம்போடு முழுப் பரப்பும் தொடாமல் ஓரிரு புள்ளிகளில் மட்டும் தொடுவதால் அந்த இடம் சூடாகும். புது கிளாம்ப் போட்டுவிடுவதே மலிவு.

யாரும் பார்க்காத எர்த் ஒயர்

பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயர் பாடிக்கும், இன்னொன்று எஞ்சினுக்கோ கியர் பெட்டிக்கோ போகும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் இந்த ஒயர் இல்லாமல் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் திரும்பி வர வழியே இல்லை. கியர் பெட்டியில் பூட்டும் இடம் மழை, சேறு, எண்ணெய் எல்லாம் படும் இடம். கடற்கரையோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிளட்ச், கியர் பெட்டி வேலை பார்த்த பிறகு இந்த போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. எனவே ‘கிளட்ச் மாற்றியதிலிருந்து செல்ஃப் எடுக்கவில்லை’ என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சோதனை: மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கொம்பில், சிவப்பு முனை எஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறு. மீட்டர் இல்லையென்றால் ஜம்ப்பர் கேபிளில் ஒன்றை எடுத்து ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு நுனியை எஞ்சினின் இரும்புக் கொக்கியிலும் மாட்டிச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பட்டென்று ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. போல்ட்டைக் கழற்றி, தொடும் இடத்தைத் தேய்த்து இறுக்கினால் போதும். பின்னல் ஒயர் இற்றுப்போயிருந்தால் அதே தடிமனில் புதிது.

ஜம்ப்பர் கேபிளும் தள்ளி ஸ்டார்ட் செய்வதும்

கேபிள் வாங்கும்போது மேல் ரப்பரின் பருமனைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் செம்பைப் பாருங்கள். கட்டை விரல் தடிமனில் ரப்பரும் உள்ளே நாலு இழையுமாக விற்கும் கேபிள்கள் மாட்டிய உடனே சூடாகுமே தவிர எஞ்சினைச் சுற்றாது. சிறிய பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16 சதுர மிமீ, டீசலுக்கு 25.

இரண்டு வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி, பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட், அவற்றிலிருந்து எடுத்தால் காரின் கண்ட்ரோல் யூனிட்டுகள் எரிந்துபோகும். வண்டிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், மறு நுனியை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி நுனியைச் செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியின் மேலேயே பறந்தால் ஹைட்ரஜன் பற்றி பேட்டரி வெடிக்கக்கூடும். நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடி ஐந்து நிமிடம் விட்டு, பிறகு செத்த வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து நொடி, இடையில் அரை நிமிட ஓய்வு. ஸ்டார்ட் ஆனதும் மாட்டிய வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றுங்கள். ஜம்ப்பர் போட்டும் அதே டக டக என்றால் கொக்கிகள் உப்பின் மேல் பிடித்திருக்கலாம், அசைத்து மாட்டுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் கோளாறு பேட்டரிக்கு அப்பால்.

மேனுவல் கியர் பெட்ரோல் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச் மிதித்தபடி, வண்டி ஓட்டம் பிடித்ததும் சட்டென்று விடுவது. எஞ்சின் ஓடும் வரை பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் உதவாது என்பதை ஸ்டியரிங்கில் இருப்பவர் நினைவில் வைக்க வேண்டும். டாஷ்போர்டு விளக்கே எரியாத அளவுக்கு பேட்டரி செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் வீண், பெட்ரோல் பம்ப்புக்கும் இஞ்செக்டருக்கும் கரண்ட் வேண்டும். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி வண்டிகளில் இதை முயலவே வேண்டாம்.

ஒரே ஒரு ‘டொக்’

முதலில் பல்சக்கரம் சிக்கியிருக்கிறதா பார்க்க ஒரு நிமிடம் செலவிடுங்கள். மேனுவல் வண்டியில் சாவியை ஆஃப் செய்து, மேல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி ஆட்டுங்கள். பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீல் பல்லில் மாட்டியிருந்தால் ‘டக்’ என்று விடுபடும். வண்டி கியரில் கொஞ்சமாவது நகர்ந்தால் எஞ்சின் சுற்றுகிறது என்பதும் சேர்த்தே தெரிந்துவிடும்.

அதன் பிறகு வீல் ஸ்பேனரின் நுனியால் செல்ஃப் மோட்டாரின் உடலை மெதுவாகத் தட்டியபடி, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மோட்டார் பெரும்பாலும் கியர் பெட்டியும் எஞ்சினும் சேரும் இடத்தில் இருக்கும். தட்டியதும் சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அதிர்வில் பிரஷ் கம்யூட்டேட்டரை (அது உரசும் சுழலும் செம்புப் பகுதி) தொடுவதால்தான் ஓடுகிறது, சில நாளில் எவ்வளவு தட்டினாலும் ஓடாது. ஓங்கி அடிக்காதீர்கள். இன்றைய சிறிய கார்களின் மோட்டாரில் உள்சுவரில் நிலைக்காந்தங்கள் ஒட்டியிருக்கும், உடைந்தால் முழு மோட்டாரும் போச்சு.

மீட்டர் இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை. சொலினாய்டில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும். ஒன்றில் பேட்டரியிலிருந்து வரும் பெரிய ஒயர், இன்னொன்றிலிருந்து மோட்டாருக்குள் போகும் குட்டை ஒயர். சாவியைத் திருப்பும்போது முதல் போல்ட்டில் 12 வோல்ட், இரண்டாவதில் ஒன்றுமே இல்லை என்றால் செம்புத் தகடு கருகிவிட்டது. இரண்டாவதிலும் 12 வந்து மோட்டார் அசையவில்லை என்றால் பிரஷ் அல்லது ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்). இரண்டிலும் 8, 9 என்று சரிந்து ஹெட்லைட்டும் மங்கினால் மோட்டார் பாரத்தில் இறுகி நிற்கிறது. பேட்டரியில் 12 நிற்க, முதல் போல்ட்டிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் பாசிட்டிவ் ஒயரைப் பாருங்கள்.

இந்த இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு ஓடவிடும் வித்தையை வீட்டில் செய்ய வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி ஆள் மேல் ஏறும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதும் அப்படித்தான், ஸ்டாண்டு போட்ட பிறகே உள்ளே போக வேண்டும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போது “செல்ஃப் மாத்தணும்” என்று சொன்னவுடன் தலையாட்ட வேண்டாம். தகடு கருகியிருந்தால் சொலினாய்டு மட்டும் மாற்றலாம். பிரஷ் என்றால் பிரஷ் செட், கூடவே மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் வளையங்கள் இரண்டு முனையிலும். கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடைந்து, செம்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள மைக்காவையும் கீழிறக்க வேண்டும், இல்லையென்றால் புது பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும். ஆர்மேச்சர் சுற்று எரிந்திருந்தால்தான் முழு மோட்டார் பற்றிப் பேச வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

காலையில் சரியாக எடுத்து, வெயிலில் நீண்ட தூரம் ஓடி டீக்கடையில் நிறுத்திய பிறகு ‘டொக்’ என்று நிற்கும் வண்டி தனி ரகம். அரை மணி ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். செம்புச் சுருள் சூடேறினால் தடை ஏறும், சொலினாய்டின் இழுவை குறையும். புஷ் தேய்ந்த மோட்டாரும் சூட்டில் உரசி இறுகும். சொலினாய்டின் மெல்லிய ஒயரில் சாவி திருப்பும்போது 10 வோல்ட்டுக்குக் குறைவாக வந்தால் சாவி சுவிட்சிலிருந்து வரும் வழியில் இழப்பு, தனி ரிலே போட்டால் தீரும். வோல்ட் சரியாக வந்தால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான்.

மெல்லிய ‘டிக்’, ரிலேயோடு நின்றால்

ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து ஸ்டார்ட்டர் ரிலேயைக் கண்டுபிடியுங்கள். அதே அளவும் அதே எண்ணும் உள்ள இன்னொரு ரிலே, உதாரணமாக ஹாரனுடையது, பக்கத்திலேயே இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் எடுத்தால் ரிலே மட்டும் வாங்கினால் போதும். இல்லையென்றால் சொலினாய்டின் சிறிய ஒயர் சாக்கெட் கழன்றோ துருப்பிடித்தோ இருக்கும். எலி கடித்த ஒயரும் சேர்த்துத்தான், அடுக்குமாடி பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் இது அரிதல்ல. கிளட்ச் மிதித்தால்தான் எடுக்கும் வண்டிகளில் பெடல் சுவிட்ச் காரணமாக இருந்தால் ரிலேயும் அடிக்காது, முழு அமைதிதான். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் சிறிய பேட்டரி தீர்ந்திருந்தாலும் அப்படியே. சாவியைப் பட்டனில் ஒட்டிவைத்து அழுத்தினால் பல மாடல்கள் ஏற்றுக்கொள்ளும்.

தண்ணீரில் போன வண்டி என்றால் நிறுத்துங்கள்

இதை மற்ற எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியோ, ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் அணைந்த வண்டியோ ஒரே ‘டொக்’ சத்தத்தோடு நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஜம்ப்பர் போட்டோ தள்ளியோ வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைக்கும். சாதாரண முழுக் காப்பீட்டில், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்தை நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக எடுத்திருக்க வேண்டும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். ஆயில் ஸ்டிக்கில் பால் போட்ட டீ நிறம் தெரிந்தால் தண்ணீர் ஆயிலிலும் கலந்துவிட்டது. பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பையும் பிரித்து, அதற்குப் பிறகே சுற்றித் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும்.

தண்ணீர் பக்கமே போகாத வண்டி இறுகி நின்றால், கிராங்க் புல்லி போல்ட்டில் ரிங் ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுற்றும் திசையில் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லையென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி. இப்போது திரும்பினால் இறுகியது ஏசி கம்ப்ரஸரோ, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ, எஞ்சின் தப்பியது.

ஸ்டார்ட் ஆன பிறகு

பேட்டரி ஏன் இறங்கியது என்று பார்க்காவிட்டால் இரண்டு நாளில் திரும்ப நிற்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஹெட்லைட், ஏசி, ப்ளோயர் எல்லாம் போட்டும் பதின்மூன்றரைக்குக் கீழே தங்கினால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும். புதிய ஹைபிரிட் வகை வண்டிகள் சார்ஜைத் தாமே ஏற்றி இறக்கும் என்பதால் அவற்றில் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு சொல்லாதீர்கள். அடியோடு இறங்கிய பேட்டரியை அரை மணி ஓட்டினால் நிரம்பிவிடும் என்று எண்ண வேண்டாம். 35 ஆம்பியர் மணி பேட்டரியைச் சார்ஜரில் 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும்.

சார்ஜிங் சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் நிறுத்திவைத்தால் இறங்குகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் கிளாம்ப்புக்கும் கொம்புக்கும் நடுவே வையுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணி காத்திருங்கள், கண்ட்ரோல் யூனிட்டுகள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. இரவும் பகலும் ஓடும் டாஷ் கேமரா 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி, மூன்றே நாளில் சிறிய பேட்டரியின் பாதி தீர்ந்துவிடும். அளவு அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை எடுத்ததும் எண் சரிகிறதோ அந்தச் சர்க்யூட்டில்தான் கசிவு. வெளியே மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர், டிக்கி விளக்கு ஆகியவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

பேட்டரி மாற்றியே ஆக வேண்டும் என்று அளவுகள் சொன்னால், பழையதின் குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நம் ஊர் வெயிலில் தகடுகள் வேகமாக அரிப்பதால் மூன்று நான்கு வருடம் ஓடியிருந்தாலே அது தன் காலத்தை முடித்துவிட்டது என்று கொள்ளலாம். குறியீட்டின் கடைசியில் வரும் எல், ஆர் எழுத்து பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். மாறி வாங்கினால் ஒயர் எட்டாது. சிக்னலில் தானாக அணைந்து எடுக்கும் வசதி உள்ள வண்டிக்கு அதற்கென்று உள்ள இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகையே போடுங்கள், சாதாரண பேட்டரி அவ்வளவு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்காது. தயாரித்த மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கடை அலமாரியில் நின்றதை வாங்க வேண்டாம், வாங்கும் முன் கடையிலேயே மீட்டர் வைத்து 12.5க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். வாரன்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்த பிறகே பழையதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள். ஈயத்துக்காகப் பழைய பேட்டரிக்கும் விலை உண்டு, அதைக் கழித்துத்தான் பில் போட வேண்டும்.